புகையை விட நினைக்கும் இளைஞனுக்கு நாம் துணையா, தடையா?

(ஷஅபான் மாத முதல் ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)



  

ரமலான் வர நான்கு வாரம்தான் இருக்கிறது. வீட்டைக் கழுவப் போகிறோம், பள்ளிக்கு வெள்ளையடிக்கப் போகிறோம், நோன்புக் கஞ்சிக்கு அரிசியும் பருப்பும் கணக்குப் போடப் போகிறோம். இந்த வருடம் இதோடு சேர்த்து இன்னொரு தயாரிப்பையும் செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறேன். நம் பிள்ளைகளில் புகைக்கும் பழக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் அதிலிருந்து வெளியே வர எது உதவுகிறது, எது தடுக்கிறது என்பதே இன்றைய பேச்சு.

புகைக்கும் பிள்ளைகளைப் பற்றி நம்மில் பலர் நினைப்பது, "இவனுக்கு விட மனசில்லை" என்பதுதான். உண்மை அப்படி இல்லை. 2016-17ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் நடந்த வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பில், புகைப்பவர்களில் 55 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் விட வேண்டும் என்று திட்டமிட்டோ யோசித்தோ இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களிடம் நிய்யத் இருக்கிறது. அந்த நிய்யத்துக்கு நாம் துணை நிற்கிறோமா, அதை முறித்துப் போடுகிறோமா என்பதே கேள்வி.

"மக்ரூஹ்தானே ஹழ்ரத்?"

மார்க்கச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் விட விடாமல் தடுக்கும் முதல் காரணம் பலருக்கு இதுவாகத்தான் இருக்கிறது.

புகையிலை முஸ்லிம் நாடுகளுக்கு வந்தது ஹிஜ்ரி 1000 வாக்கில். குர்ஆனிலோ ஹதீஸிலோ அதன் பெயர் கிடையாது. அதனால் அன்றைய உலமாக்களிடம் கருத்து வேறுபாடு இருந்தது. சிலர் ஹராம் என்றார்கள், சிலர் மக்ரூஹ் என்றார்கள். டமாஸ்கஸைச் சேர்ந்த அப்துல் கனீ அந்நாபுலுஸி (ரஹ்) போன்ற பெரிய அறிஞர்கள் ஆகுமானது என்றும் எழுதினார்கள். அன்று புகையிலையால் புற்றுநோய் வரும், மாரடைப்பு வரும் என்று மருத்துவ உலகம் நிரூபித்திருக்கவில்லை. இன்று நிரூபித்துவிட்டது. புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. புகைக்காமலே, பக்கத்தில் இருந்த பாவத்துக்கு இறப்பவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று அல்லாஹ் அல்பகரா அத்தியாயத்தின் 195ஆவது வசனத்தில் எச்சரிக்கிறான். நம்மை நாமே கொன்றுகொள்ளக் கூடாது என்று அந்நிஸா 29இல் தடுக்கிறான். தனக்கும் தீங்கு கூடாது, பிறருக்கும் தீங்கு கூடாது என்பது இப்னு மாஜாவில் வரும் நபிமொழி. இந்த அடிப்படையில் மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 1995ஆம் ஆண்டு புகைப்பது ஹராம் என்று அறிவித்தது. இன்றைய உலமாக்களில் மிகப் பலரும் அதையே சொல்கிறார்கள். மக்ரூஹ் என்று சொன்னவர்களிலும் பலர் நாடியது மக்ரூஹ் தஹ்ரீம், அதாவது ஹராமுக்கு ஒட்டியது. எனவே "மக்ரூஹ்தானே" என்று லேசாகச் சொல்லித் தப்பிக்க இடமில்லை.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளைக்கு ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 100 ரூபாய், வருடத்துக்கு 36,500 ரூபாய். மூன்று வருடத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். தாயை உம்ராவுக்கு அனுப்பக் கூடிய பணம் புகையாகப் போகிறது. செல்வத்தை எப்படிச் சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்றும், வாலிபத்தை எதில் கழித்தாய் என்றும் மறுமையில் கேட்கப்படும் என்பது திர்மிதியில் உள்ள ஹதீஸ். அந்த இரண்டு கேள்விகளும் இந்த ஒரு பழக்கத்தில் சந்திக்கின்றன.

உடம்புக்குள் நடப்பது என்ன?

சட்டம் தெரிந்த பிறகும் ஏன் விட முடியவில்லை? இதைப் புரிந்துகொள்ளாமல் "ஈமான் இருந்தால் விட்டுவிடலாம்" என்று மட்டும் சொல்வது, காலில் முள் குத்தியவனை ஓடச் சொல்வதைப் போன்றது.

புகையில் இருக்கும் நிகோடின் உறிஞ்சிய சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடுகிறது. அங்கே ஓர் இதமான உணர்வைத் தூண்டிவிடுகிறது. ஆனால் அது அதிக நேரம் தங்காது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் இருப்பதில் பாதி குறைந்துவிடும். குறையக் குறைய மூளை மறுபடியும் கேட்கும். கிடைக்காவிட்டால் எரிச்சல் வரும், தூக்கம் போகும், வேலையில் மனம் நிற்காது, பசி எடுக்கும். "டென்ஷனைக் குறைக்கத்தான் அடிக்கிறேன்" என்று இளைஞர்கள் சொல்வார்கள். அந்த டென்ஷனில் பெரும்பகுதியைக் கொண்டுவந்ததே முந்தின சிகரெட்தான்.

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இந்தத் தொல்லைகள் முதல் இரண்டு மூன்று நாட்களில் உச்சத்துக்குப் போகும். பிறகு படிப்படியாகக் குறைந்து, பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணிந்துவிடும். ஒவ்வொரு முறை வரும் ஆசையும் அலை மாதிரிதான். சில நிமிடங்கள் எழும், பிறகு அடங்கும். எழுந்து போய் ஒளூ செய்து இரண்டு ரக்அத் தொழுது முடிக்கும் நேரத்தில் பெரும்பாலும் அந்த அலை அடங்கிவிடும்.

நோன்பு எடுத்துக்காட்டும் உண்மை

"என்னால் இரண்டு மணி நேரம் கூட இருக்க முடியாது ஹழ்ரத்" என்று சொல்லும் அதே இளைஞன், ரமலானில் சஹர் முடித்ததிலிருந்து மஃரிப் வரை பதின்மூன்று மணி நேரத்துக்கும் மேல் புகையைத் தொடாமல் இருக்கிறான். யாரும் காவல் நிற்கவில்லை. தனி அறையில் இருந்தாலும் தொடுவதில்லை. ஏன்? புகைத்தால் நோன்பு முறிந்துவிடும், அல்லாஹ் பார்க்கிறான் என்ற உறுதி. "என்னால் முடியாது" என்ற பேச்சு பொய் என்பதற்கு அவனுடைய நோன்பே சாட்சி.

மருத்துவம் சொல்லும் இன்னொரு கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். புகைப்பதை நிறுத்திப் பன்னிரண்டு மணி நேரத்தில், இரத்தத்தில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு இயல்பான அளவுக்கு இறங்கிவிடுகிறது. அப்படியானால் நோன்பாளி பேரீச்சம்பழத்தைக் கையில் எடுக்கும்போது அவனுடைய இரத்தம் அந்த நச்சிலிருந்து ஏறத்தாழ விடுபட்டிருக்கிறது. அல்லாஹ் தினமும் சுத்தம் செய்து கொடுக்கிறான். கஞ்சி குடித்து, மஃரிப் தொழுது, செருப்பை மாட்டிக்கொண்டு நேரே எதிரில் இருக்கும் டீக்கடைக்குப் போய் அதை மறுபடியும் நிரப்பிக்கொள்கிறான். முப்பது நாளும் இதே கதை. அதனால்தான் ரமலான் முழுக்க நோன்பு பிடித்தும் பலருக்குப் பழக்கம் போவதில்லை. பகலில் நிறுத்தி வைக்கிறார்களே தவிர, விடுவதில்லை.

இளைஞர்களே! இதில் இருந்து ஒரு பாடம் எடுங்கள். விடும் நாளை ரமலான் முதல் பிறைக்குத் தள்ளிப்போடாதீர்கள். இந்த ஷஅபானிலேயே, இன்றிலிருந்து பதினைந்து நாளுக்குள் ஒரு நாளைக் குறியுங்கள். கடுமையான முதல் நாட்கள் ரமலானுக்கு முன்பே கழிந்துவிடும். பிறகு நோன்பு உங்களுக்குக் கோட்டையாக நிற்கும்.

தடை ஒன்று: கடையும் கூட்டாளியும்

நல்ல நண்பனையும் கெட்ட நண்பனையும் நபி (ஸல்) அவர்கள் கஸ்தூரி வியாபாரிக்கும் கொல்லனின் துருத்திக்கும் ஒப்பிட்டார்கள். கஸ்தூரிக்காரனிடம் எதுவும் வாங்காவிட்டாலும் வாசனையாவது கிடைக்கும். துருத்தி ஊதுபவனிடம் நின்றால் சட்டை எரியும், இல்லாவிட்டால் துர்நாற்றமாவது ஒட்டும். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் இந்த ஹதீஸை, புகைக்கும் கூட்டத்தில் நின்றுவிட்டு வீட்டுக்குப் போகும் பிள்ளையின் சட்டையை முகர்ந்து பார்த்த தாய்மார்கள் நன்றாகவே புரிந்துகொள்வார்கள்.

நூறு கொலை செய்தவரின் வரலாறு உங்களுக்குத் தெரியும். தொண்ணூற்றொன்பது பேரைக் கொன்றுவிட்டு, தவ்பாவுக்கு வழியுண்டா என்று ஒரு துறவியிடம் கேட்டார். இல்லை என்றதும் அவரையும் கொன்றார். அடுத்து ஓர் அறிஞரிடம் போனார். அவர் தவ்பாவுக்குத் தடையேதும் இல்லை என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. இந்த ஊர் கெட்ட ஊர், திரும்பி வராதே, அல்லாஹ்வை வணங்கும் மக்கள் இருக்கும் இன்ன ஊருக்குப் போ என்றும் சொன்னார். அந்த அறிஞரின் ஞானத்தைப் பாருங்கள். மனம் மாறினால் மட்டும் போதாது, இடமும் சேர்ந்து மாற வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் இளைஞன் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. அந்த டீக்கடையை விட்டுப் போனால் போதும். டீயும் சிகரெட்டும் ஜோடியாகப் பழகிப்போனவை. டீ டம்ளரைக் கையில் வாங்கியதும் மற்றக் கை தானாகத் தேடும். ஆகவே விட்ட முதல் மாதம் டீயை வீட்டில் குடியுங்கள், அல்லது சுலைமானிக்கு மாறுங்கள். வேலைக்குப் போகும் வழியில் அந்தப் பெட்டிக்கடை வந்தால் வேறு தெருவில் போங்கள். "ஒண்ணே ஒண்ணு அடிடா, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லும் கூட்டாளியிடம், "விடப் பார்க்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "விட்டுட்டேன்" என்று சொல்லுங்கள். முதல் பதில் அவனுக்கு ஒரு வாய்ப்பைத் திறந்து வைக்கிறது. இரண்டாவது பதில் கதவை மூடிவிடுகிறது.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு விற்பதையும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்பதையும் நம் நாட்டின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. பாவத்தில் ஒருவருக்கொருவர் உதவாதீர்கள் என்ற கருத்தில் அல்மாயிதா 2ஆவது வசனம் வருகிறது. பாக்கெட்டைப் பிரித்து ஒன்று இரண்டாக விற்பதில் ஒரு தீமை இருக்கிறது. பாக்கெட்டின் மேல் இருக்கும் புற்றுநோய்ப் படமும், விட உதவும் தொலைபேசி எண்ணும் வாங்குகிற பையன் கண்ணில் படுவதே இல்லை. பத்து ரூபாயும் இருபது ரூபாயும் கையில் இருக்கும் பள்ளிக்கூடப் பையனைப் பழக்கத்துக்குள் இழுப்பது இந்தச் சில்லறை விற்பனைதான். ரிஸ்க் கொடுப்பவன் அல்லாஹ். அந்தச் சரக்கை எடுத்துவிட்டால் உங்கள் கடை மூடிப்போகாது.

தடை இரண்டு: நம்முடைய நாக்கு

பெரியோர்களே! இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். இன்றைய பேச்சில் முக்கியமான பகுதி இதுதான்.

ஓர் இளைஞர், இருபத்திரண்டு வயதிருக்கும். அஸருக்கு வேலையிலிருந்து நேரே பள்ளிக்கு வருவார். ஒரு நாள் ஸஃப்பில் நிற்கும்போது பக்கத்தில் நின்ற பெரியவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி, "குடிச்சுட்டு வந்து நிக்கிறியே, வெக்கமா இல்லையா?" என்றார். அந்த இளைஞர் அமைதியாகப் பின் ஸஃப்புக்குப் போய்த் தொழுதார். அடுத்த நாள் வரவில்லை. அடுத்த ஜும்ஆவுக்கும் வரவில்லை. பல வாரம் கழித்துத் தெருவில் பார்த்து நலம் விசாரித்தேன். அவர் சொன்னார்: "பீடி சிகரெட்ட விட முடியல ஹழ்ரத். அதனால பள்ளிய விட்டுட்டேன்."

இந்த வார்த்தையை நினைத்துப் பாருங்கள். பூண்டு, வெங்காயம் சாப்பிட்ட வாடையோடு பள்ளிக்கு வருவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். அது உண்மை. பிறருக்கும் மலக்குகளுக்கும் தொல்லை தரக் கூடாது என்பது பள்ளியின் ஒழுக்கம். புகைப்பவர் வாயைச் சுத்தம் செய்து, மிஸ்வாக் செய்து, சட்டை மாற்றி வர வேண்டும். ஆனால் அந்த ஹதீஸைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிக்கொடுப்பது வேறு, சபையில் ஒருவனைக் குத்துவதற்கு அதை ஆயுதமாக எடுப்பது வேறு.

நபி (ஸல்) அவர்களின் சபையில் நடந்ததைப் பாருங்கள். மது குடித்ததற்காக ஒருவர் திரும்பத் திரும்பப் பிடித்து வரப்பட்டார். தண்டனையும் பெற்றார். பாவம் பாவமாகவே கருதப்பட்டது. அப்போது ஒருவர், எத்தனை தடவைதான் இவர் கொண்டுவரப்படுகிறார் என்று சொல்லிச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி சொன்னார்கள். இது புகாரியில் இருக்கிறது. இதே போன்ற இன்னொரு நிகழ்ச்சியில், குடித்தவரைப் பார்த்து அல்லாஹ் உன்னை இழிவுபடுத்தட்டும் என்று சிலர் சொன்னபோது, அவருக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவி செய்து விடாதீர்கள் என்ற கருத்தில் கண்டித்தார்கள்.

ஷைத்தானுக்கு உதவி செய்வது! எவ்வளவு கடுமையான சொல்! ஷைத்தானின் ஆசை அந்த இளைஞன் பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்பதுதான். நாம் ஒரு வார்த்தை பேசி அந்த வேலையை அவனுக்கு முடித்துக் கொடுக்கிறோம். மதுவுக்கே இந்த நிலை என்றால், புகைக்கும் பிள்ளையை எப்படி நடத்த வேண்டும்?

விபச்சாரத்துக்கு அனுமதி கேட்டு வந்த இளைஞரை முஸ்னத் அஹ்மதில் படிக்கிறோம். சுற்றியிருந்தவர்கள் அதட்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அவரைப் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்தார்கள். உன் தாய்க்கு இதை விரும்புவாயா, உன் மகளுக்கு, உன் சகோதரிக்கு விரும்புவாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு அவர் மீது கை வைத்து துஆ செய்தார்கள். பக்கத்தில் உட்கார வைப்பது, கேள்வி கேட்பது, கை வைத்து துஆ செய்வது, இந்த மூன்றும்தான் இளைஞனைத் திருத்தும் நபிவழி. திட்டினால் அவன் புகையை விடுவதில்லை, ஒளிந்து புகைக்கக் கற்றுக்கொள்கிறான். ஒளிந்துகொண்டவனுக்கு யாராலும் உதவ முடியாது.

தடை மூன்று: வீட்டில் அத்தாவின் கையில் இருப்பது

"உன் பையன் சிகரெட் பிடிக்கிறான்" என்று யாராவது சொன்னால் கோபத்தில் துடிக்கும் தந்தைமார்கள் சிலரின் சட்டைப் பையிலேயே பாக்கெட் இருக்கிறது. எட்டு வயதில் அதே மகனைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொன்னவர்களும் உண்டு. அன்று கடைக்காரன் கையிலிருந்து வாங்கிய பொருளை அவன் பத்து வருடம் கழித்து வாயில் வைக்கிறான்.

தந்தைமார்களே! நீங்கள் புகைப்பவராக இருந்தால், மகனைத் திருத்த உங்களிடம் ஒரு பெரிய வழி இருக்கிறது. தனியே கூப்பிட்டு, "தம்பி, எனக்கும் இத விடணும்னு இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து விடுவோமா? நான் தடுமாறுனா நீ சொல்லு, நீ தடுமாறுனா நான் சொல்றேன்" என்று சொல்லிப் பாருங்கள். நூறு அதட்டல் செய்யாததை இந்த ஒரு பேச்சு செய்யக்கூடும், இன்ஷா அல்லாஹ்.

தாய்மார்களே! பையனின் சட்டையில் வாடை அடித்தால் உடனே தெருவுக்குக் கேட்கும்படி அழாதீர்கள். அவன் சாப்பிட்டு முடித்து அமைதியாக இருக்கும் நேரத்தில், "உனக்குத் தெரியாம நான் துஆ செஞ்சுக்கிட்டே இருக்கேன், என்கிட்ட மறைக்காத" என்று சொல்லுங்கள். மகன் விட ஆரம்பித்த முதல் வாரத்தில் எரிந்து விழுவான். அது உங்கள் மீதுள்ள கோபம் அல்ல, நிகோடின் வெளியேறும் நேரத்துக் குணம். அந்த ஒரு வாரம் பொறுத்துக்கொள்வது நீங்கள் அவனுக்குச் செய்யும் பெரிய உதவி. மனைவிமார்களுக்கும் இதையே சொல்கிறேன்.

தடை நான்கு: விரக்தி

"மூணு தடவ விட்டேன், மூணு தடவையும் திரும்பிட்டேன். இனி அல்லாஹ் என்னைப் பார்ப்பானா?" என்று கேட்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வரம்பு மீறியவர்களும் தன் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்கக் கூடாது என்று அல்லாஹ் அஸ்ஸுமர் 53இல் அழைக்கிறான். முதல் முயற்சியிலேயே நிரந்தரமாக விட்டவர்கள் குறைவு. பலர் பல தடவை முயன்ற பிறகே வெற்றி பெற்றிருக்கிறார்கள். மூன்று தடவை விட்டவன் மூன்று தடவை தோற்றவன் அல்ல. எங்கே வழுக்குகிறது என்று மூன்று தடவை தெரிந்துகொண்டவன். கல்யாண வீட்டில் வழுக்கியதா, இரவு வேலையிலா, சண்டைக்குப் பிறகா என்று பாருங்கள். அந்த இடத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

ஒன்று புகைத்துவிட்டால், "எல்லாம் போச்சு, இனி பாக்கெட்டே வாங்கிடலாம்" என்று சொல்லவைப்பது ஷைத்தான். ஒன்றோடு நிறுத்தி, தவ்பா செய்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

மதீனாவின் தெருக்கள்

எப்படி விடுவது என்பதற்கு மதுவிலக்கு வந்த விதம் அழகான வழிகாட்டி. முதலில் அல்பகரா 219 அதன் பாவம் பயனை விடப் பெரியது என்று உணர்த்தியது. பிறகு அந்நிஸா 43 போதையோடு தொழுகைக்கு வராதீர்கள் என்று நேரத்தைச் சுருக்கியது. இறுதியில் அல்மாயிதா 90 முற்றாகத் தடுத்தது. எடுத்த எடுப்பிலேயே குடிக்காதீர்கள் என்று இறங்கியிருந்தால் மக்கள் விடமாட்டோம் என்று சொல்லியிருப்பார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியது புகாரியில் உள்ளது.

முதலில் மனம் தயாரானது. ஆனால் அந்த இறுதி நாள் வந்தபோது "இந்தக் குடத்தோடு முடித்துக்கொள்கிறோம்" என்று யாரும் சொல்லவில்லை. அபூதல்ஹா (ரலி) அவர்களின் வீட்டில் அனஸ் (ரலி) அவர்கள் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அறிவிப்புச் சத்தம் கேட்டது. உடனே கொட்டச் சொன்னார்கள். பாத்திரங்கள் உடைக்கப்பட்டன. மதீனாவின் தெருக்களில் மது ஓடியது.

இதில் மூன்று பாடங்கள் உண்டு. தயாராக அவகாசம் எடுத்துக்கொள்ளலாம். குறித்த நாளில் முழுதாக விட வேண்டும், வீட்டில் மிச்சம் எதுவும் வைத்திருக்கக் கூடாது. மூன்றாவது, அவர்கள் தனித்தனியாக விடவில்லை, ஊரோடு சேர்ந்து விட்டார்கள். தனியாக விடுபவனைக் கூட்டாளிகள் இழுப்பார்கள். கூட்டாளிகளே சேர்ந்து விட்டால் இழுப்பதற்கு யார் இருப்பார்கள்?

இந்த ஷஅபானில் செய்ய வேண்டியது

இளைஞர்களே! நாளைக் குறித்த பிறகு, அந்த நாளின் ஃபஜ்ருக்கு முன்பே பாக்கெட், லைட்டர், மிச்சம் மீதி எல்லாவற்றையும் தூக்கி எறியுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லி வையுங்கள். ஆசை வந்தால் தண்ணீர் குடியுங்கள், மிஸ்வாக்கை வாயில் வையுங்கள், அந்த இடத்தை விட்டு எழுந்து நடங்கள். புகைக்குப் பதிலாக வாயில் அதக்கும் பொட்டலப் புகையிலைக்கு மாறாதீர்கள். அதுவும் புற்றுநோய்தான். வேப் என்ற மின்சிகரெட்டையும் நாடாதீர்கள். அதை 2019ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் தடை செய்துவிட்டார்கள்.

மருந்து தேவைப்பட்டால் எடுங்கள். அது தவக்குலுக்கு எதிரானது அல்ல. மருத்துவம் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவியிருக்கிறார்கள். நிகோடின் சூயிங்கமும், தோலில் ஒட்டும் பட்டையும் மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்தலாம். நோன்பு நேரத்தில் சூயிங்கம் மெல்லக் கூடாது, நோன்பு முறிந்துவிடும். தோலில் ஒட்டும் பட்டை நோன்பை முறிக்காது என்பது இக்கால ஃபிக்ஹு அறிஞர்கள் பெரும்பாலோரின் கருத்து. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணில் பேசினால் வழிகாட்டுவார்கள். பல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இதற்கென்று ஆலோசனைப் பிரிவு இருக்கிறது.

பெருநாள் அன்று கவனமாக இருங்கள். புதுச்சட்டை, பையில் பணம், பழைய கூட்டாளிகள். முப்பது நாள் காத்ததை ஒரு மாலையில் இழப்பது அங்கேதான். அன்று உறவினர் வீடுகளுக்குப் போங்கள். தொடர்ந்து ஷவ்வாலின் ஆறு நோன்பைப் பிடியுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! ஒரு யோசனை சொல்கிறேன். விட விரும்பும் இளைஞர்கள் இமாமிடம் தனியாகப் பெயர் கொடுக்கட்டும். அந்தப் பட்டியல் எவர் கண்ணிலும் படக் கூடாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான் என்பது முஸ்லிமில் உள்ள ஹதீஸ். அவர்களை இருவர் இருவராகச் சேர்த்துவிடுவோம். வாரம் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவோம். ரமலானில் மஃரிப் முடிந்த அந்த ஆபத்தான அரை மணி நேரத்தில் அவர்கள் கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். கஞ்சிப் பாத்திரம் கழுவுவது, தராவீஹுக்குப் பாய் விரிப்பது, தண்ணீர் எடுத்து வைப்பது என்று எதுவானாலும் சரி. டீக்கடைக்குப் போகும் கால் பள்ளிக்குள்ளேயே நிற்கட்டும்.

புகையால் பள்ளியை விட்டுப்போன பிள்ளை உங்கள் தெருவில் இருந்தால், இன்றே வீடு தேடிப் போய் ஸலாம் சொல்லுங்கள். புகையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். "உன்னைப் பார்த்து ரொம்ப நாளாச்சு தம்பி, அஸருக்கு வா" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் முதலில் பள்ளிக்குத் திரும்பட்டும். பள்ளிக்குள் வந்தவருக்குப் புகையை விடும் வழியும் திறக்கும், இன்ஷா அல்லாஹ்.

அல்லாஹ்வுக்காக ஒன்றை விட்டவருக்கு அதைவிடச் சிறந்ததை அல்லாஹ் கொடுப்பான் என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த நற்செய்தி. விட்ட ஒரு வருடத்தில் மாரடைப்பு அபாயம் புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகக் குறைகிறது என்கிறது மருத்துவம். அந்தச் சிறந்ததின் தொடக்கம் இந்த உடம்பிலேயே தெரியும்.

யா அல்லாஹ்! விட நினைக்கும் எங்கள் பிள்ளைகளின் உள்ளத்துக்கு உறுதியைக் கொடு! வழுக்கியவர்களை மீண்டும் எழுப்பு! எங்கள் நாவுகளை அவர்களுக்குத் தடையாக ஆக்கிவிடாதே! நல்ல துணைகளை அவர்களுக்குக் கொடு! எங்களையும் எங்கள் சந்ததிகளையும் சுத்தமான உடலோடும் சுத்தமான உள்ளத்தோடும் ரமலானை அடையச் செய்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.